கோழிக்கும் எனக்கும் ஒரே நோய்

என் வலது கால் கட்டைவிரலில்தான் அந்த நோய் எனக்கு அறிமுகமானது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வந்தது. போர்வை நுனி பட்டாலே கண்ணில் நீர் வந்துவிடும். திருத்தணி பஜாரை ஒட்டிக் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர் விரலைப் பார்த்ததுமே கவுட் என்று சொல்லிவிட்டார். ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடிப்போகிறது. சிறுநீரகத்தால் அதை முழுக்க வெளியேற்ற முடியாதபோது மூட்டில் ஊசி ஊசியாகப் படிகிறது. அமிலம் உண்டாவதைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதினார். சிறுநீரைக் காரத்தன்மைக்குக் கொண்டுவர ஒரு டானிக் எழுதினார். "கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு நான் வேற இத்த விளக்கணுமா சார்?" என்று சிரித்தார்.

எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமைதான். அமிலத்துக்கு எதிர் காரம். என் வேலைக்காலம் முழுவதும் கரும்பலகையில் எழுதிப் போட்ட பாடம் இப்போது என் காலிலேயே நடந்துகொண்டிருந்தது. டானிக்கைக் குடிக்கும்போதெல்லாம் அதன் சமன்பாட்டை மனதுக்குள் எழுதிப் பார்ப்பேன். வலி குறைந்தது. பாடம் சரிதான் என்று உறுதியாயிற்று. அந்த உறுதியைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் மனைவியின் தம்பி கே.ஜி.கண்டிகைக்கு அருகே கறிக்கோழி வளர்க்கிறான். எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனைப் பாவா என்று கூப்பிடுவது வழக்கம். அவனுக்கு நான் பாவா, எனக்கு அவன் மச்சான். ஷெட்டும் உழைப்பும் அவனுடையவை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் ஒரு கம்பெனி கொடுக்கும். கோழி எடை வந்ததும் வண்டி வைத்து அவர்களே ஏற்றிக்கொண்டு போவார்கள். கம்பெனியின் சூப்பர்வைசர் ஒருவர் பைக்கில் வந்து பார்த்துவிட்டுப் போவார். குஞ்சு நன்றாக வளர்ந்தால் அடுத்த முறையும் குஞ்சு வரும். கம்பெனிக்கு நம்பிக்கை போய்விட்டால் ஷெட் காலியாகக் கிடக்கும். அவ்வளவுதான் அந்த ஏற்பாடு.

எனக்குப் பகலில் வேலை இல்லை. திருத்தணியில் ஷேர் ஆட்டோ பிடித்தால் சிறிது நேரத்தில் ஷெட்டில் இருப்பேன். முதலில் பொழுதுபோக்காகத்தான் போனேன். பிறகு மருந்து கலக்குவது என் பொறுப்பாகிவிட்டது. புட்டிகளில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். மச்சானுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வருமே தவிர அர்த்தம் பிடிபடாது. "எங்க பாவா கெமிஸ்ட்ரி வாத்தியாரு, அவரு கை பட்டா தண்ணியே மருந்துதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அவன் கேலி செய்கிறானா பெருமைப்படுகிறானா என்று நான் யோசித்ததில்லை. பெருமை என்றே எடுத்துக்கொண்டேன்.

போன கோடையில் வந்த குஞ்சுகள் முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தன. வெயில் ஏறியதும் சில குஞ்சுகள் இறகைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்கத் தொடங்கின. எச்சம் வெள்ளையாகத் தண்ணீர் போல இருந்தது. காலையில் தரையில் பரப்பியிருந்த உமியின் மேல் ஆங்காங்கே குஞ்சுகள் செத்துக் கிடந்தன. மச்சான் போன் செய்ததும் சூப்பர்வைசர் வந்தார். நாற்பது வயதிருக்கும், நிதானமான மனிதர். செத்த குஞ்சு ஒன்றை ஷெட்டுக்கு வெளியே கல்லின் மேல் வைத்துக் கத்தரியால் அறுத்துத் திறந்தார்.

உள்ளே இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கிறது என்றேன் நான். மச்சானின் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

"விபூதி பூசின மாதிரி கீதே. இன்னா சார் இது?"

"கவுட்டுங்க" என்றார் சூப்பர்வைசர். "கிட்னி வேலை செய்யல. யூரிக் ஆசிட் வெளிய போவாம உள்ளாறயே படிஞ்சிடுது."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். எனக்கு வருத்தம் வரவில்லை, மகிழ்ச்சி வந்தது. தெரிந்த ஒருவரை வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் பார்த்தது போன்ற மகிழ்ச்சி. "இது என் வியாதிப்பா" என்று மச்சானிடம் சொன்னேன். விரல் வலிக்காக நான் மாற்றியிருந்த மெத்தைச் செருப்பைப் பார்த்தான், குஞ்சைப் பார்த்தான். "அப்போ கோழிக்கும் செருப்பு மாத்தணுமா பாவா?" என்றான். மூவரும் சிரித்தோம்.

சூப்பர்வைசர் கம்பெனி டாக்டரிடம் போனில் பேசிவிட்டுச் சொன்னார். சில நாளைக்குத் தீவனத்தைக் குறைத்து உடைத்த மக்காச்சோளம் போட வேண்டும். வெல்லத் தண்ணீர் கொடுக்க வேண்டும். கூடவே தண்ணீரில் கலக்க ஒரு மருந்து. அதில் ஒரு கேனும், பின்னால் தேவைப்படும் என்று இன்னொரு கேனும் அன்று மாலையே அனுப்பிவைத்தார். வெல்லத்தை மச்சான் திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து வாங்கி வந்தான். மருந்து வழக்கம்போல் என் கைக்கு வந்தது.

கேனைத் திறந்ததும் புளித்த வாடை மூக்கில் ஏறியது. வினிகர் வாடை. ஆய்வுக்கூடத்தில் பழகிய மூக்கு. சொட்டு விட்டுப் பார்க்கத் தேவையே இல்லை, அமிலம். லேபிளைப் படித்தேன். சிறுநீரை அமிலத்தன்மைக்குக் கொண்டுவரும் மருந்து என்றுதான் அதிலும் இருந்தது. இன்ன அளவு தண்ணீருக்கு இன்ன அளவு, சோடா உப்பு வகைகளோடு சேர்க்கக் கூடாது என்பது வரை தெளிவாக அச்சாகியிருந்தது. நான் படித்தேன். படித்துவிட்டு, இது தவறு என்று முடிவு செய்தேன். யூரிக் அமிலம் கூடிச் சாகிற உயிருக்கு மேலும் அமிலம் கொடுப்பார்களா? என் மருத்துவர் எனக்குக் காரமல்லவா கொடுத்தார்? கம்பெனியில் எவனோ கேனை மாற்றி அனுப்பிவிட்டான், அல்லது அந்த டாக்டருக்கே விவரம் போதவில்லை என்று நினைத்தேன்.

மச்சானிடம் சொல்லியிருக்கலாம். சூப்பர்வைசருக்குப் போன் செய்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். செய்யவில்லை. மச்சான் கம்பெனிக்குப் பயந்தவன், ஒத்துக்கொள்ள மாட்டான். சூப்பர்வைசரிடம் கேட்டால் நான் தெரியாமல் கேட்கிறவன் ஆகிவிடுவேன். அந்த மருந்தை ஷெட்டின் பின்பக்கம் எடுத்துப் போய், செத்த கோழிகளைப் புதைக்கும் குழியில் ஊற்றினேன். கேனைக் கழுவி வைத்தேன். மறுநாள் வருகிற வழியில் பஜார் மளிகைக் கடையில் சோடா உப்பு வாங்கினேன், ஆப்பத்துக்குப் போடுவார்களே அதேதான். கடைக்காரர், வீட்டில் ஏதும் விசேஷமா, இவ்வளவு எதற்கு என்று கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அதைக் கரைத்து, ஷெட் குழாய்களுக்குத் தண்ணீர் போகும் தொட்டியில் ஊற்றும்போது மச்சான் ஷெட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். "மருந்து கலந்துட்டியா பாவா?" என்று கேட்டான். கலந்துவிட்டேன் என்றேன். என்னைப் பொறுத்தவரை அது பொய்யும் அல்ல. நான் கலந்தது மருந்து என்றே நம்பினேன்.

குஞ்சுகள் அன்று நிறையத் தண்ணீர் குடித்தன. கொத்தினால் நீர் சொட்டும் குழாயின் சிவப்பு மூக்குகளை விடாமல் கொத்திக்கொண்டே இருந்தன. குணமாகிறது என்று எனக்கு ஒரே திருப்தி. உப்பு தாகத்தைக் கூட்டும் என்பதை நான் எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பேன்! அது அப்போது நினைவுக்கு வரவில்லை. அடுத்த நாள் உமி முழுக்க ஈரம். அதற்கடுத்த நாள் முன்பைவிட அதிகமாகச் செத்துக் கிடந்தன. அளவு போதவில்லை என்று நினைத்து சோடாவைக் கூட்டினேன். சாவும் கூடியது. மச்சான் கூடையில் செத்த குஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டு என்னைக் கடந்து குழிக்குப் போவான், வருவான், மறுபடி போவான். முகம் சுண்டிப் போயிருந்தது. "மருந்து கேக்கவே இல்லியே பாவா" என்றான். சில நோய் அப்படித்தான், பொறு என்று அவனுக்கு ஆறுதல் சொன்னேன்.

சூப்பர்வைசர் மறுபடி வந்தார். மேலும் சில குஞ்சுகளை அறுத்துப் பார்த்தார். வெள்ளைப் படிவு இப்போது முன்பைவிடத் தடிப்பாக இருந்தது. இந்த மருந்து இப்படிக் கைவிட்டு நான் பார்த்ததில்லை என்று குழம்பினார். அப்போதுதான் பேச்சுவாக்கில் கேட்பதுபோல் நான் கேட்டேன். அமிலத்தால் வருகிற நோய்க்கு எதற்கு அமிலமே கொடுக்கிறீர்கள், மனிதனுக்குக் காரமல்லவா கொடுக்கிறார்கள் என்று.

"மனுசன் வேற, கோழி வேறங்க சார்" என்றார் அவர். "மனுசனுக்கு மூத்திரமா போவுது. கோழிக்கு எச்சத்தோட வெள்ளையா கெட்டியா போவுது. அதுல காரம் ஏறினா கிட்னியிலயே கல்லு மாதிரி உறைஞ்சிடும். வெயில் காலத்துல சில பேரு சோடா உப்பு அளவு தெரியாம போட்டுடுவாங்க. குஞ்சு கிட்னி தாங்காது. அதனாலயே கவுட் வந்து செத்த ஷெட்டுங்க நான் பாத்துகீறேன்."

சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார். நான் அங்கேயே நின்றேன். வெயிலில் நிற்கிறேன் என்பதே தெரியவில்லை.

பரீட்சைத் தாள் திருத்தும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தப்பான விடை எழுதிய மாணவன் மேல் எனக்குக் கோபம் வராது. வேறு கேள்விக்கான சரியான விடையை எழுதி வைத்தவன் மேல்தான் வரும். கேள்வியை முழுதாகப் படிக்காமல், தெரிந்த ஒரு சொல்லைக் கண்டதும் மனப்பாடம் செய்ததைக் கொட்டிவிட்டுப் போயிருப்பான். அந்த விடைமேல் சிவப்பு மையால் நீளமாக ஒரு கோடு இழுப்பேன். வகுப்பில் அவனை எழுப்பி நிற்கவைத்து, கேள்வியைச் சத்தமாக வாசி என்று சொல்வேன். கேள்வி எனக்கும் அச்சடித்த எழுத்தில் கேனிலேயே ஒட்டித் தரப்பட்டிருந்தது. நான் அதை வாசித்தும்விட்டேன். வாசித்தபின் ஒதுக்கிவைத்தவனுக்கு எந்த மையால் கோடு இழுப்பது?

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. தொட்டியைத் திறந்துவிட்டுக் காலி செய்து, கழுவி, இரண்டாவது கேனிலிருந்து சரியான அளவு மருந்தைக் கலந்தேன். யாருக்கும் தெரியாமல் தவறைச் சரிசெய்துவிட்டால் தவறு நடக்காதது போலாகிவிடும் என்று நினைத்தேன். படித்தவர்களுக்கு இந்த நினைப்பு சற்று அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. அழித்துவிட்டு மேலே எழுதிப் பழகிய கை.

மருந்து வேலை செய்தது. நாளுக்கு நாள் சாவு குறைந்தது. மிஞ்சிய குஞ்சுகள் மக்காச்சோளத்தைக் கொத்தத் தொடங்கின. மச்சான் மறுபடி சிரித்தான், திருத்தணி மலைக்கு நேர்ந்துகொண்டான். எனக்கும் மூச்சு வந்தது. ஆனால் பெரிய தீங்கை விளைவித்தது அந்தச் சரிசெய்தல்தான்.

கம்பெனிக்காரர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். முதல் கேன் முழுக்கப் போயும் துளி பலன் இல்லை. அதே மருந்து, அதே ஷெட், இரண்டாவது கேன் போனதும் சாவு நிற்கிறது. அப்படியானால் முதல் கேன் கோழிக்குப் போகவே இல்லை. எங்கே போயிற்று? கம்பெனி மருந்தை வெளியே விற்பது சில இடங்களில் நடக்கிற காரியம்தான். மச்சான் முதல் கேனை விற்றுவிட்டு வெறும் தண்ணீரைக் காட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். கோழிகளை ஏற்றிக்கொண்டு போன பிறகு, இனி இந்த ஷெட்டுக்குக் குஞ்சு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்ல வந்ததும் அந்தச் சூப்பர்வைசர்தான். அவருக்கே அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மச்சான் முதலில் புரியாமல் நின்றான். பிறகு, குஞ்சு கொடுக்காவிட்டால் போகிறது, திருட்டுப் பட்டம் எதற்கு என்று கேட்டான். குரல் உயரவில்லை. கண்டிகை டீக்கடைக்குச் செய்தி அவனுக்கு முன்பே போய்விட்டது. நான் அங்கே உட்கார்ந்திருந்தபோதே ஒருவர் அவனைப் பார்த்து, "இன்னாப்பா, கோழிக்குக் குடுத்த மருந்த நீயே குடிச்சிட்டியா? உடம்பு நல்லா தேறிக்கீறியே" என்றார். கடையே சிரித்தது. மச்சான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். என்னுடைய டீ முழுசாக இருந்தது. நானும் எழுந்தேன். வழியில் அவன் என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

"நீ கலக்குனத நான் பாத்தேன் இல்ல பாவா?"

பார்த்தாய் என்றேன்.

அந்த ஒரு சொல்லில் அவன் தெம்பாகிவிட்டான். நான் விற்கவில்லை, என் பாவா கையால் தொட்டியில் கலந்தார், நான் கண்ணால் பார்த்தேன், இதை மலையடியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்று சூப்பர்வைசருக்குப் போன் போட்டான். எங்கள் ஊரில் இது விளையாட்டல்ல. சத்தியம் செய்கிறவர் கற்பூரத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைப்பார். பொய் என்றால் அது அந்தக் குடும்பத்தை விடாது என்று நம்புகிறவர்கள் நடுவில்தான் நாங்கள் இருக்கிறோம். அதற்குப் பின் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

சூப்பர்வைசர் தயங்கினார். "எனக்குக் கற்பூரம்லாம் வேணாங்க. எங்க வீட்ல சத்தியமே பண்ணக் கூடாது, ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்லன்னு சொல்லி வளத்தாங்க" என்றார். மச்சான் விடவில்லை. நீங்கள் நம்பவேண்டாம், நின்று பார்த்துவிட்டுக் கம்பெனியில் சொன்னால் போதும் என்றான்.

வீட்டில் என் மனைவி, தம்பி சத்தியம் செய்யப் போகிறான் என்று கேட்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மாடத்தில் வைத்தாள். நான் சாப்பிட உட்கார்ந்தேன். அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் ரசம் ஊற்றினாள். ஊற்றியதும் அந்தக் கணம் கடந்துவிட்டது. எனக்குச் சாமி நம்பிக்கை அளவோடுதான். அவன் கற்பூரத்தை அணைத்தால் குடும்பத்துக்குத் தீங்கு வரும் என்று நான் நம்பவில்லை. அதனால்தான் அதை நடக்கவிட்டுவிடலாமா என்றும் எண்ணினேன். சத்தியத்தை ஊர் நம்பும், கம்பெனியும் ஒருவேளை இளகும், எல்லாம் முடிந்துவிடும். இப்படி எண்ணியதுதான் சோடா உப்பைவிடக் கேவலமானது.

மறுநாள் காலையில் மலையடிக்குப் போனோம். படிக்கட்டு தொடங்கும் இடத்தில் வழக்கமான கூட்டம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள், பூக்கடைகள், சென்னை ரயிலில் வந்து இறங்கிய குடும்பங்கள். மச்சான் குளத்தில் தலை முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். ஓரமாக முதல் படியில் கற்பூரத்தை வைத்தான். சூப்பர்வைசர் பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். என் கால் விரல் வலிக்க ஆரம்பித்திருந்தது. சில நாட்களாக மாத்திரையையும் டானிக்கையும் மறந்துவிட்டிருந்தேன்.

அவன் தீக்குச்சியைக் கிழித்தான். கற்பூரம் பற்றியது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

"நான் மருந்த விக்கல. எங்க பாவா அத்தத் தொட்டியில ஊத்துனாரு. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். இது பொய்யின்னா..."

கை மேலே போயிற்று. அவன் தன்னைப் பற்றிச் சத்தியம் செய்யவில்லை, என்னைப் பற்றிச் செய்கிறான் என்பது அந்தக் கையைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. நான் குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அணைக்காதே. நான் ஊத்தினது மருந்து இல்ல."

அவன் கண்ணைத் திறந்தான். "இன்னா பாவா சொல்ற?"

சொன்னேன். குழியில் ஊற்றியது, கேனைக் கழுவியது, மளிகைக் கடை, சோடா உப்பு, அளவைக் கூட்டியது, இரண்டாவது கேன் எல்லாவற்றையும். வரிசையாகத்தான் சொன்னேன், பாடம் நடத்துகிறவன் போல. வேறு விதமாகப் பேச எனக்குத் தெரியவில்லை. அவன் கையை நான் விடவில்லை, அவனும் இழுத்துக்கொள்ளவில்லை. எங்களைத் தாண்டி ஆட்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. படியில் கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

முதலில் பேசியது சூப்பர்வைசர்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றார். திட்டவில்லை. அவர் நிஜமாகவே அதை யோசித்துத்தான் சொன்னார்.

மச்சான் எழுந்தான். ஈர வேட்டியை உதறிக் கட்டினான். என் முகத்தைப் பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன், அதை நான் விரும்பவும் செய்தேன்.

"இத்த கம்பெனியில வந்து சொல்லுவீங்களா, சார்?"

இத்தனை வருடமும் அவன் என்னை நீ என்றுதான் பேசுவான். பாவாவோடு சேர்ந்தே வருகிற நீ அது. என்னை நீங்க என்றும் சார் என்றும் கூப்பிட ஊர் முழுக்க ஆள் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவனும் போய்ச் சேர்ந்துகொண்டான். வருகிறேன் என்றேன்.

கம்பெனி அலுவலகத்தில் அவர்களுடைய டாக்டர் முன்னால் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைவிட மிகவும் இளையவர். நடுவில் ஒருமுறை சிரிப்பை அடக்கினார். பிறகு மச்சானிடம் திரும்பி, தவறாக நினைத்துவிட்டோம் என்று ஒத்துக்கொண்டார். குஞ்சு கொடுப்பதைப் பற்றி யோசிக்கிறோம் என்றார். யோசித்து முடிக்க மழைக்காலம் ஆயிற்று. அதுவரை ஷெட்டின் படுதாக்கள் மடித்தபடி கிடந்தன. மச்சான் கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டிப் போகும் வேலைக்குப் போனான். குஞ்சு மறுபடி வந்தபோது கம்பெனி ஒரு நிபந்தனை வைத்தது. மருந்தை ஷெட்காரர் மட்டும்தான் கலக்க வேண்டும். என் பெயரைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

டீக்கடையில் மச்சானைப் பற்றிய பேச்சு ஒரே நாளில் நின்றது. அந்த இடத்தை நான் நிரப்பினேன். யாருக்காவது இருமல் என்றால், வாத்தியாரைக் கேட்டு சோடா உப்பு போட்டுக்கொள் என்கிறார்கள். நான் இருந்தாலும் சொல்கிறார்கள். அது எனக்கு உறுத்தவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், அது எனக்கு ஒரு நிம்மதி.

என் மனைவி பல நாள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "அவன் கிட்ட இருந்தது அவன் பேர் ஒண்ணுதான். அத்தயும் தண்ணியில கலந்துட்டீங்களே." மடித்த துணியை அடுக்கிவிட்டுப் போனாள்.

அந்தக் குஞ்சுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுத வேண்டும். எப்படியும் சில வாரங்களில் கறிக்கடைக்குப் போகிறவைதானே என்று ஆறுதலாகச் சிலர் சொன்னார்கள். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், ஒட்டவில்லை. குழாயை விடாமல் கொத்திக் கொத்திக் குடித்த அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போக மறுக்கிறது. தாகத்தை உண்டாக்கிவிட்டு, குடிப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன். டானிக்கைக் குடிக்கும்போது இப்போதெல்லாம் சமன்பாடு நினைவுக்கு வருவதில்லை. ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிடுகிறேன்.

ஷெட்டுக்கு நான் போவதில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மச்சான் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தான், அக்காவோடு பேசினான், எனக்குக் கரும்பு கொண்டுவந்து வைத்தான். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, வரேன் சார் என்றான்.

சென்ற வாரம் மதியம் போன் வந்தது. மச்சான்தான். ஷெட்டில் இப்போது இருக்கிற கோழிகளில் சில மறுபடி ஒதுங்கி நிற்கின்றனவாம். சூப்பர்வைசர் வேறு ஒரு மருந்து அனுப்பியிருக்கிறார். அவர் போன் கிடைக்கவில்லை. லேபிளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறானாம்.

"இன்னா எழுதிகீதோ அத்த மட்டும் படிச்சிச் சொல்லுங்க" என்றான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். படத்தைப் பெரிதாக்கினேன். மருந்தின் பெயர், எதில் கலக்க வேண்டும், எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, எதனோடு சேர்க்கக் கூடாது என்று வரி வரியாகத் தமிழில் சொன்னேன். என்ன மருந்து, எதனால் வேலை செய்யும், எதற்காக அதனோடு சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரிந்ததுபோல் தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. கடைசியாக, வெயில் படாத இடத்தில் வைக்கவும், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்றிருந்ததையும் விடாமல் படித்தேன்.

முடிந்துவிட்டது என்றேன்.

மறுமுனையில் கோழிகளின் சத்தம் மட்டும் கேட்டது. அளவைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான் போலும்.

"இன்னொரு வாட்டி படிங்க" என்றான்.

முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.